பியர் அண்ணையின் கதிரை விலை

உலகத்தில் எந்த நாட்டைச் சொன்னாலும், அங்கே வெளியில் போய்க் கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் பியர் குடித்தால் எவ்வளவு போகும் என்று கண் இமைக்காமல் சொல்லக்கூடிய மனிதர் கொழும்பில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுப் பியரும் குடித்ததில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி எந்த நாட்டுக்கும் போனதுமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு புடைவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த விமான டிக்கெட் ஏஜென்சியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். ஒபிசில் அவருக்குப் பெயர் பியர் அண்ணை. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் மூக்கை நீட்டி மணந்து பார்ப்பார்கள். விபூதி மணமும் பால் விடாத பிளேன்ரீ மணமும்தான் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய திருவிளையாடலைப் பார்த்துவிட்டேன். கனடாவில் இருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி திரும்பிப் போகும் திகதியை மாற்ற வந்தார்கள். அண்ணை கடவுச்சீட்டுகளை வாங்கினார், கம்பியூட்டரில் ஏதோ தட்டினார், பிறகு பயபக்தியோடு அந்த ஐயாவைப் பார்த்தார்.

"ஐயா, ஸ்காபரோவில வெளியில இருந்து குடிச்சா ஒரு கிளாஸ் பியர் எவ்வளவு வரும்?"

ஐயா மனைவியைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கம் போறேல்ல."

"பரவாயில்லை ஐயா. எட்டு டொலர் எண்டு ஒராள் சொன்னவர்."

"எட்டோ? ஆர் சொன்னது? அது போர்ட்டில எழுதிக் கிடக்கிற விலை. அதுக்கு மேல டக்ஸ். அதுக்கும் மேல டிப்ஸ். மெஷினைக் கையில தந்துபோட்டு, பதினெட்டு வீதமோ இருவது வீதமோ எண்டு அந்த வெயிட்டர் பிள்ளை எங்கட முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பாள். பதினொண்டு குடுக்காம வெளிய வரேலாது!"

பக்கத்தில் இருந்த அம்மா கைப்பையை டக்கென்று மூடினார். "கோயில் மீற்றிங் எண்டு போறது இதுக்குத்தானோ?"

இருவரும் ஒருவருக்குப் பின் ஒருவராக, ஐந்து படி இடைவெளி விட்டு மாடியிறங்கினார்கள். அண்ணை அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. முகம் பூரித்துப் போய் இருந்தது. "பாத்தியோ பிள்ளை, அங்க விலை எண்டு எழுதி வைச்சிருக்கிறது விலை இல்லையாம். என்ன நாடப்பா அது!"

இதில் அவருக்குச் சில கண்டிப்பான சட்டங்கள் இருந்தன. கடையில் போத்தல் என்ன விலை என்று யாராவது சொல்ல வந்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். "கடை விலை அரசாங்கத்தின்ர விலை. எனக்கு அது வேண்டாம். கதிரையில இருந்து குடிச்சா என்ன விலை? அதைச் சொல்லுங்கோ. அதுதான் நாட்டின்ர விலை." அந்தக் கதிரை விலைக்குள் கட்டட வாடகை இருக்கிறது, வெயிட்டரின் சம்பளம் இருக்கிறது, அந்த ஊர்ச் சட்டம் இருக்கிறது, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் இருந்து கதைக்க எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதும் இருக்கிறது என்பது அவர் கட்சி. எதையும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் தலைக்குள்தான்.

எங்கள் ஒபிசுக்கு வராத நாட்டுக்காரர் இல்லை. நோர்வேயில் இருந்து வந்த ஒரு பெடியன், அங்கே வெளியில் குடிப்பது நெருப்பு விலை என்பதால் வீட்டிலேயே வேண்டியதைக் குடித்துவிட்டு, பிறகு வெளியில் போய் ஒரே ஒரு கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொன்னான். அண்ணை இரண்டு நாள் சிரித்தார். ஜெர்மனியில் சில இடங்களில் தண்ணீரைவிடப் பியர் மலிவு என்று கேள்விப்பட்ட அன்று சிரிக்கவில்லை, நம்பவுமில்லை. அந்த வாரம் வந்த ஜெர்மனிக்காரர் மூன்று பேரையும் தனித்தனியாக, பொலிஸ் விசாரணை மாதிரிக் கேட்டார். மூன்று பேரும் ஒன்றையே சொன்ன பிறகு மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

யப்பானில் பயிற்சிக்குப் போய் வந்த ஒருவர், சில இடங்களில் போய் இருந்தவுடனேயே நாம் கேட்காத ஒரு சின்னப் பிளேட்டில் ஏதோ கொண்டுவந்து வைப்பார்கள், அதற்கும் பில் வரும், உண்மையில் அது கதிரைக்கு எடுக்கிற காசு என்றார். அண்ணை எழும்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேர்மையான சனம்! கதிரைக்கு வாடகை எண்டு ஒளிக்காமல் எடுக்கினம்." அவுஸ்திரேலியாவில் கூட்டாகப் போனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்று கேட்டபோது, ஆறு பேரோடு போனவனின் கதி என்ன என்று மத்தியானம் முழுக்கக் கவலைப்பட்டார். டுபாயில் டிரைவராக இருந்தவர் ஒருவர் மட்டும் சுருக்கமாகச் சொன்னார்: "ஹோட்டலுக்குள்ளதான் அண்ணை. நாலு வருஷத்தில ஒருக்காப் போனன். அண்டைக்கு உழைச்சது அண்டைக்கே போச்சு."  அண்ணை அவருக்கு ஒரு பிளேன்ரீ எடுப்பித்தார்.

ஏன் இவர் இதைக் கேட்கிறார் என்பதில் ஒபிசில் பல கட்சிகள். காதல் தோல்வி என்பது முதலாளியின் கட்சி. இரகசியமாக பார் திறக்கப் போகிறார் என்பது காசாளரின் கட்சி. குடிக்க ஆசை, ஆனால் பள்ளிக்கூட டீச்சரான மனைவிக்குப் பயம் என்பது என்னுடைய கட்சி. நேரே கேட்டால், "சும்மா அறிஞ்சு வைப்பம் எண்டுதான்" என்பார்.

ஒருமுறை முதலாளி எங்களைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் மொட்டைமாடிக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். சாமான் விலைகள் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த காலம். மெனு அட்டையில் பியர் விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் கடலையும் காற்றையும் புகழ்ந்துகொண்டிருக்க, அண்ணை தேசிக்காய் ஜூஸைத் தள்ளிவைத்துவிட்டு நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினார். முதல் ஸ்டிக்கர் வந்தது. இரண்டாவதும் வந்தது. அடியில் இருந்த பழைய விலையைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டதுபோல, "ஐயோ!" என்றார்.

வெயிட்டர் ஓடி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நாங்கள் குனிந்துகொண்டோம். அண்ணை அவரை அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மல்லி, சேர்விஸ் சார்ஜ் எக்க ஒயாலட்ட ஹம்பவெனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி, அந்தச் சேர்விஸ் சார்ஜ் உண்மையில் உங்கள் கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. வெயிட்டர் திரும்பி மனேஜரைப் பார்த்துவிட்டு, "டிக்கக், சேர்" என்றார். கொஞ்சம்தான். போகும்போது அண்ணை அவர் கைக்குள் எதையோ வைத்து அழுத்தியதைக் கண்டேன். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

இனி என் கதை. எனக்கு இருபத்தொன்பது வயதானபோது லண்டன் மாப்பிள்ளை ஒருவர் பேசி வந்தார். எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். அவர் இருந்தது லண்டனில் இருந்து ரயிலில் மூன்று மணித்தியாலத் தூரத்தில். பெயர் ரமணன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது அவருடைய சின்னம்மா. "அக்கவுண்ட்ஸ் வேலை, தங்கமான பெடியன், குடிவகையின்ர மணம்கூடத் தெரியாது" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதென்று நான் முன்னமே முடிவெடுத்திருந்தேன். எத்தனையோ பெண்களுக்கு ஒருவழி டிக்கெட் அடித்துக் கொடுத்தவள் நான். அதில் சிலர் ஆறு மாதத்தில் வீங்கிய கண்ணோடு திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் இருந்ததும் எனக்குத் தெரியும். சொல்லப்படுகிற உத்தியோகத்தை நான் நம்புவதில்லை.

அப்பா இல்லாத வீடு. பக்கத்தில் ஒரு பெரிய ஆம்பிளை இருக்க வேண்டும் என்று அம்மா விரும்பினார். எனக்குத் தெரிந்த பெரியவர் பியர் அண்ணை ஒருவர்தான். அம்மா அவரைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, நீங்கள் வரவேணும். ஆனா அந்தக் கேள்வியை மட்டும் கேட்கப்படாது."

"அக்கா, நான் வாயே திறக்கமாட்டன்."

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அப்படியே இருந்தார். மரைன் டிரைவ் பக்கம், கடலோர ரயில் பாதைக்குக் கிட்ட எங்கள் பிளட் வீடு. ரயில் போனால் கதையை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருக்க வேண்டும். சின்னம்மா கதைத்தார், ரயில் போனது, மறுபடி சின்னம்மா கதைத்தார். அண்ணை நாற்பது நிமிடம் வாயைப் பூட்டிக்கொண்டு, விரதக்காரர் மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தார். ரமணனும் வாய் திறக்கவில்லை. யாரோ கழுத்துப் பட்டனை இறுக்கிப் பூட்டிவிட்டதுபோல ஒரு இருப்பு.

நான் நாலு கோப்பை தேத்தண்ணியோடு வந்தேன். கால் கம்பளத்தில் தடக்கியது. தட்டு ஒரு பக்கம் சரிந்தது. அடுத்த நொடி ரமணன் எழுந்து தட்டுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். ஐந்து விரலையும் விரித்து, தோளுயரத்துக்குத் தூக்கி, மற்றக் கையால் கோப்பைகளை எடுத்து வட்டமாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வெறும் தட்டை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். ஒரு துளி சிந்தவில்லை.

"லண்டன்ல ஆம்பிளையளும் வீட்டு வேலை செய்வினம்" என்றார் சின்னம்மா அவசரமாக.

அண்ணையின் கண்கள் அந்தத் தட்டிலேயே இருந்தன. பிறகு வாய் திறந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி... அங்க ஒரு கிளாஸ் பியர் எவ்வளவு?"

"எங்கட இடத்திலயோ, சிற்றி நடுவிலயோ அங்கிள்?" ரமணனின் முகம் அன்று முதல் முறையாக விரிந்தது. "சிற்றியில ஆறு பவுண்சுக்குக் கிட்ட. எங்கட இடத்தில குறைவு. ஆனா இந்த வருஷம் ரெண்டு தரம் கூட்டினம். ரெண்டாந்தரம் புது விலையை போர்ட்டில எழுதேக்க எனக்குக் கை வரேல்ல."

"எங்கட இடம்" என்ற சொல் அறைக்கு நடுவில் விழுந்து கிடந்தது. ரயில்கூட வரவில்லை.

"கணக்குப் பாக்கிறவன்தானே, எல்லா இடத்துக்கும் போவான்" என்றார் சின்னம்மா.

"இல்லை சின்னம்மா." அவர் தட்டை மேசையில் வைத்தார். "நான் பப்பிலதான் வேலை. பாருக்கு உள்பக்கம். படிக்கத்தான் போனனான், காசு முடிஞ்சுது. இப்ப ஏழு வருஷம். சொல்லவேண்டாம் எண்டு சொன்னவை. மறைக்க எனக்கு ஏலாது."

அம்மாவின் முகம் இறுகியது. சின்னம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பத் தயாரானார். சாராயக் கடையில் வேலை செய்கிற மாப்பிள்ளை என்ற சொல் யார் வாயில் இருந்து முதலில் வருமோ என்று நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நானும்தான் அக்கா" என்றார் பியர் அண்ணை.

யாருக்கும் விளங்கவில்லை.

"நானும் ட்ரே தூக்கினனான். கொட்டாஞ்சேனையில, ஹாபர் பக்கம் ஒரு பார். இருவத்திரண்டு வயசில, ரெண்டரை வருஷம். வீட்டுக்குச் சொன்னது ஷிப்பிங் கம்பனி எண்டு. இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது." கோப்பையைக் கீழே வைத்தார். "கப்பல்காரர் வருவினம். ஒரே போத்தல், ஒரே விலை. ஒருத்தன் பில்லைப் பாத்துச் சிரிச்சு மிச்சக் காசை விட்டிட்டுப் போவான். ஒருநாள் ஒருத்தன் பில்லைப் பாத்துப்போட்டுக் கள்ளன் எண்டு என்னைப் பேசினான். பொக்கற்றை வெளிய இழுத்துக் காட்டினான். பிறகு அழத் தொடங்கிற்றான். குடிவெறி எண்டு முதலாளி சொன்னார். வெளியில தள்ளச் சொன்னார். தள்ளினது நான்தான்."

கீழே வைத்த கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"அவனுக்கு வெறி இல்லை அக்கா. ஒரு கிளாஸ்தான் குடிச்சவன். அவன்ர ஊரில அது என்ன விலையோ, இஞ்ச வந்து ஏமாந்து போனான் எண்டு நினைக்கிறன். எந்த நாட்டுக்காரன் எண்டும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேக்கேல்ல. அதுதான் இப்ப எல்லாரையும் கேக்கிறன்."

ஆறு வருடம் பக்கத்து மேசையில் இருந்து, குடிக்க ஆசைப்படுகிற மனிதர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதோடு அண்ணை எங்களை மறந்துபோனார். கதிரையை இழுத்துக்கொண்டு போய் ரமணனுக்கு முன்னால் போட்டார். வாழ்நாள் முழுவதும் கதிரையில் இருந்தவர்களையே விசாரித்தவருக்கு, பாருக்கு உள்பக்கம் நிற்கிற ஒருவர் இப்போதுதான் அகப்பட்டிருந்தார். அரைக் கிளாஸ் கேட்கிறவன் எப்படிக் கேட்பான்? விலை கூடினால் முதலில் யார் வராமல் விடுவது? தனிய வாறவன் எந்தப் பக்கம் இருப்பான்?

"செவ்வாய்க்கிழமையில ஒரு வயசு போன ஆள் வருவார் அங்கிள். அரைக் கிளாஸ்தான். மூண்டு மணித்தியாலம் இருப்பார். வீட்டில ஹீற்றர் போடுறதைவிட அது மலிவாம்."

"அரைக் கிளாஸ் மூண்டு மணித்தியாலம் தாங்குமோ?"

"தாங்காது. நான் மேசை துடைக்கிற மாதிரிப் போய்க் கொஞ்சம் ஊத்திவிடுவன்."

"முதலாளிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நல்லது" என்றார் அண்ணை.

நான் குசினிக்குள் போனேன். பின்னாலேயே அம்மா வந்தார். "எனக்கு ஓம்" என்றேன்.

"என்னடி ஓம்? நீதானே வேண்டாம் எண்டு சொல்லப்போறன் எண்டனி? இப்ப பெடியன் பாரில நிக்கிறான் எண்டு தெரிஞ்ச பிறகோ ஓம்?"

"அதை அவர்தானே அம்மா சொன்னவர்."

அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் எடுத்தது. இரண்டாம் வாரம் ரமணனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீர் குடிப்பீரோ?" என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமையில ஒண்டு மாமி" என்றார் அவர். அம்மா யோசித்தார். "ஒண்டு எண்டா அது எவ்வளவு பெரிசு?" மத்தியஸ்தத்துக்கு வந்திருந்த அண்ணை இரண்டு கையாலும் உயரத்தைக் காட்டி, ஊழியருக்குத் தள்ளுபடி உண்டா என்றும் விசாரித்தார்.

ஆனால் அண்ணைக்கு அது சும்மா போகவில்லை. சின்னம்மாவின் வாய் வழியாகக் கதை வெள்ளவத்தைக் கோயில் வீதி வரைக்கும் போனது. "பாரில ட்ரே தூக்கினவராம்" என்று சிலர் அவர் மேசையைத் தாண்டி என்னிடம் டிக்கெட் போட வந்தார்கள். நான் அவர்களை அவரிடமே திருப்பி அனுப்பினேன். அதைவிடப் பெரிய சோதனை வீட்டில். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் கழித்து மனைவிக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து முன்னால் நின்றாராம்.

"ரெண்டரை வருஷம் ட்ரே தூக்கினனீங்கள்?"

"ஓம்."

"ஊரில இல்லாத ஆக்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப முப்பத்தொரு வருஷமா எனக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை தூக்கித் தராததுக்கு என்ன காரணம்?"

அன்று ஒபிசுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். விரலில் சுடுதண்ணீர் பட்ட காயம்.

கல்யாணம் முடிந்து நான் இங்கிலாந்துக்குப் போனேன். அந்த டிக்கெட்டை அண்ணைதான் அடித்தார். ஒருவழி டிக்கெட் கேட்டேன். "போய் வாற டிக்கெட்டாப் போடுறன் பிள்ளை, ஒரு வருஷம் செல்லும்" என்று சொல்லி, எதற்கு என்று நான் கேட்பதற்குள் அச்சடித்து உறையில் போட்டுத் தந்தார். திரும்பி வருகிற அந்தப் பாதியை நான் பாவிக்க வேண்டி வரவில்லை.

போன ஆவணியில் நாங்கள் இருவரும் விடுமுறைக்கு வந்தோம். அண்ணை வேலையை விட்டுவிட்டார். முழங்காலில் ஒப்பரேஷன் செய்து, பாமன்கடை வீட்டில் ஊன்றுகோலோடு இருக்கிறார். இறங்கிய மறுநாளே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் கணவாய்க் கறி சமைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் ரமணனும் அண்ணையும் கதைக்கத் தொடங்கினார்கள். பயணக் களைப்பில் நான் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டேன்.

கண் திறந்தபோது நாலரை. தலைக்குக் கீழே யாரோ ஒரு தலையணை வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு நிற்கும் மின்விசிறி. அது என் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. அவர்கள் இருவரும் கதிரைகளைக் குசினி வாசல்வரைக்கும் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டு, தலையோடு தலை வைத்து இரகசியம்போலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒபிசில் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்குச் சத்தம் போட்ட மனிதரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அவருடைய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஊன்றுகோல் விழுந்து சத்தம் போடாமல் இருக்க அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தார்.

நான் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.